செத்த வீட்டுக்குப் போன ரெண்டு பேர்

விண்வெளி வரலாறு எண்டு பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் பாடமாக்கித் தந்தது ஒரு கை விரலுக்குள் அடங்குகிற பெயர்கள்தான். 1961ல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின். 1963ல் முதல் பெண் வலன்டினா தெரஷ்கோவா. 1969ல் சந்திரனில் முதலில் கால் வைத்தவர் நீல் ஆம்ஸ்ட்ரோங். 1984ல் முதல் இந்தியர் ராகேஷ் சர்மா. பொது அறிவுப் போட்டிக்கு இது காணும். கேள்வி எப்பவும் 'முதல்' என்ற சொல்லோடதான் வரும்.

விண்வெளிக்குப் போன நூறாவது ஆள் யார் எண்டு எங்களிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. அவருடைய பெயர் விக்டர் சவினிக். சோவியத் ஒன்றியத்துப் பொறியியலாளர். 1981 மார்ச்சில் முதற்தடவை மேலே போனபோது அந்த எண் அவருக்கு வந்தது. நாங்கள் இங்கே எழுதப்போவது அவருடைய ரெண்டாவது பயணத்தைப் பற்றி. 1985 ஜூனில் அவரும் விளாடிமிர் ஜானிபெகோவும் ஒரு விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கரண்ட் இல்லை, சூடு இல்லை, தண்ணி உறைந்து கிடந்தது, ரேடியோ பேசவில்லை. போய், கையால் வயரை முறுக்கி, அதைத் திரும்ப ஓட வைத்தார்கள்.

எங்கட ஊரில செத்த வீடு எண்டா மரணம் நடந்த வீடு. இவர்கள் போனது வீடே செத்துக் கிடந்த இடத்துக்கு.

வீடும் பாதையும்

அந்த நிலையத்தின் பெயர் சல்யூட் 7. 1982 ஏப்ரல் 19ல் ஏவப்பட்டது. நீளம் சுமார் 16 மீற்றர், எடை 20 தொன்னுக்குக் கிட்ட. எங்கட இ.போ.ச. பஸ்ஸை விட நீளம். 350 கிலோமீற்றர் அளவு உயரத்தில் பூமியைச் சுற்றியது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில போற தூரமே 300 கிலோமீற்றருக்கு மேல. அப்படிப் பார்த்தா அது எட்டாத இடமில்லை. கஷ்டம் வேகத்தில்தான் இருக்கு. செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற பொருள் அது. கல்லடியிலிருந்து கல்குடாவுக்கு நாலு செக்கன் போதும். அதைப் பிடிக்கப் போகிறவரும் அதே வேகத்துக்கு வரவேணும்.

விண்வெளி நிலையத்தில் எதுவும் விளையாது. தண்ணி, சாப்பாடு, எரிபொருள், மாற்றுச் சாமான் எல்லாம் கீழிருந்துதான் போகவேணும். 2014ல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் நடுவில பாதையில ஏறி வாவியைக் கடந்த ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அங்காலயிருந்து நெல்லும் பாலும் வர, இங்காலயிருந்து மண்ணெண்ணெயும் சீனியும் மருந்தும் போக, பாதை ஓடவேணும். பாதை நிண்டா ஊர் நிண்டமாதிரி.

சோவியத் நிலையங்களுக்கு அந்தப் பாதை 'புரோகிரஸ்' என்ற சரக்குக் கப்பல். 1978 ஜனவரியில் முதலாவது புரோகிரஸ் சல்யூட் 6க்குப் போனது. ஆள் இல்லாமல், தானாகப் போய்த் தானாகப் பொருந்தும். ஒரு நடைக்கு ரெண்டு தொன்னுக்கு மேல் சாமான் ஏற்றும். இறக்கி முடிய நிலையத்துக் குப்பையை அதற்குள் அடைத்து விடுவார்கள். திரும்பி வரும்போது வளிமண்டலத்தில் எரிந்து போகும். மனிதர்கள் போய்வர 'சோயுஸ்' என்ற இன்னொரு கலம் இருந்தது.

ராகேஷ் சர்மா விருந்தாளியாகப் போனதும் இதே சல்யூட் 7க்குத்தான். 1984 ஏப்ரல் 3ல் மாலிஷெவ், ஸ்ட்ரெகாலோவ் என்ற ரெண்டு பேரோடு சோயுஸ் டி-11ல் புறப்பட்டார். நிலையத்தில் ஏற்கனவே கிசிம், சொலோவ்யோவ், மருத்துவர் அத்கோவ் என மூன்று பேர் இருந்தார்கள். ஆறு பேராக ஒரு வாரம் இருந்தார்கள். சர்மா இந்திய நிலப்பரப்பைப் படம் எடுத்தார், நிறையற்ற நிலையில் யோகா செய்து பார்த்தார், இந்திரா காந்தியோடு கதைத்தார். ஏப்ரல் 11ல் கீழே வந்துவிட்டார். எங்கட பாடம் அதோட முடியும்.

வீட்டுக்காரருடைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 1983 செப்டம்பரில் சல்யூட் 7ன் உந்துவிசை அமைப்பில் ஒரு குழாய் கசிந்திருந்தது. சர்மா போய்ப் பன்னிரண்டாம் நாள், 1984 ஏப்ரல் 23ல், கிசிமும் சொலோவ்யோவும் விண்வெளி உடுப்போடு வெளியே இறங்கினார்கள். மே 4க்குள் நாலு தடவை வெளியே போய், பழுதான பகுதியைத் தவிர்த்து மாற்றுக் குழாய் போட்டார்கள். கடைசியாகக் கசிந்த குழாயை நசுக்கி மூடுவதற்கு அவர்களிடம் கருவி இருக்கவில்லை. ஜூலையில் அந்தக் கருவியைக் கீழிருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜானிபெகோவ். அதே பயணத்தில் அவரோடு வந்த ஸ்வெத்லானா சவித்ஸ்கயா ஜூலை 25ல் வெளியே இறங்கி, விண்வெளியில் நடந்த முதல் பெண் ஆனார். 'முதல் பெண்' என்று இவரும் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிடுவார். வெளியே இறங்கி அவர் செய்த வேலை உலோகத்தை வெட்டி ஒட்டுகிற வெல்டிங் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8ல் குழாய் மூடப்பட்டது. ஒக்டோபர் 2ல் கிசிம் குழு 237 நாட்களை முடித்துக்கொண்டு பூமிக்குத் திரும்பியது. நிலையத்தை ஆளில்லாமல் பூட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த குழு வரும்வரை கட்டுப்பாட்டு நிலையம் கீழிருந்து பார்த்துக்கொள்ளும் எண்டதுதான் ஏற்பாடு.

சத்தம் நிண்ட நாள்

1985 பெப்ரவரி 11ல் நிலையத்தின் மின்சார அமைப்பில் ஒரு கோளாறு காட்டியது. அதிக மின்னோட்டம் எண்டு உணர்ந்த பாதுகாப்பு அமைப்பு ஒரு ரேடியோ அனுப்பியை நிப்பாட்டியது. நிலையம் மற்ற அனுப்பிக்கு மாறியது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகு கீழே இருந்தவர்கள், ஏன் நிண்டது எண்டு ஆராயாமல், முதல் அனுப்பியைத் திரும்பப் போடும்படி கட்டளை அனுப்பினார்கள். அதன்பிறகு சல்யூட் 7லிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மீன் பாடுகிற சத்தத்தைக் கேட்க கல்லடிப் பாலத்தடியில தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறுமுனையில காதை வைப்பார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம். சத்தம் வராட்டி அது மீனில்லாததாலயா, நேரம் பிழையா எண்டு சொல்ல முடியாது. மொஸ்கோவுக்கு அருகிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தின் கதியும் அதுதான். ரேடியோ மட்டும் செத்ததா, முழுவதும் செத்ததா, உள்ளே தீப்பிடித்ததா, காற்று வெளியேறிவிட்டதா? நிலையம் பேசினால்தான் தெரியும். அது பேசாது.

மார்ச் தொடக்கத்தில் சோவியத் பத்திரிகையில் சிறிய அறிவித்தல் வந்தது. சல்யூட் 7ன் வேலைத்திட்டம் நிறைவேறிவிட்டது என்ற பொருளில். உள்ளே நடந்தது வேறு. ஒரு குழுவை அனுப்பித் திருத்தலாமா எண்டு பொறியியலாளர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அப்படியே விடவில்லை? ஒரு காரணம், அடுத்த நிலையமான 'மிர்' அப்போது தயாரில்லை. இன்னொரு காரணம், 20 தொன் இரும்பு கட்டுப்பாடில்லாமல் என்றோ ஒருநாள் கீழே விழும். அமெரிக்காவின் ஸ்கைலாப் அப்படித்தான் 1979 ஜூலை 11ல் விழுந்தது. துண்டுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் கிடந்தன. அது எங்க விழுமோ எண்டு இந்தியாவில் பல ஊர்கள் பயந்து கிடந்தன. 1978 நவம்பர் 23 புயல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டு எட்டு மாதம்கூட ஆகாத காலம் அது. வானத்திலிருந்து ஏதாவது வரும் எண்டா எங்கட ஆக்களுக்கு ஆளைக் கேட்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஸ்கைலாப்பிலேயே இன்னொரு பாடமும் இருந்தது. 1973 மேயில் ஏவும்போதே அதன் வெப்பக் கவசம் கிழிந்து, ஒரு சோலர் பெனல் பிய்ந்து, மற்றது சிக்கிக்கொண்டது. பதினொரு நாளில் கொன்ராட், கேர்வின், வைட்ஸ் என்ற மூவர் போய், குடைபோல ஒரு துணியை விரித்து நிலையத்துக்கு நிழல் கொடுத்தார்கள். சிக்கியிருந்த பெனலை வெட்டி விடுவித்தார்கள். நிலையத்தைத் திருத்த மனிதர் போகலாம் எண்டு அப்பவே நிரூபணமானது. ஆனால் ஸ்கைலாப் காயப்பட்ட நிலையம். அது பேசியது, திசை சொன்னது. சல்யூட் 7 சடலம்.

விளக்கில்லாத தோணி

ஒரு சோயுஸ் வழமையாக நிலையத்தோடு பொருந்துவது ரெண்டு பக்க உரையாடலால். கலம் ரேடியோவில் கேட்கும், நிலையம் பதில் சொல்லும். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், என்ன வேகம் எண்டு கணினி கணக்குப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பதில் சொல்லாத நிலையத்தோடு பொருந்துவதற்கு மனிதக் கண்ணும் கையும்தான் மிச்சம்.

வாவியில ராவையில தோணி விடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கோ. எதிர்த் தோணியில விளக்கு எரிந்தா தூரம் மட்டுக்கட்டலாம். விளக்கில்லாத தோணிக்குப் பக்கத்தில மோதாமல் போய் அணையிறது வேற வேலை. அந்த வேலைக்கு ஜானிபெகோவ் பொருத்தமான ஆள். 1982ல் சோயுஸ் டி-6ல் போனபோது தன்னியக்க முறை இடையில் கைவிட, அவர் கையால் ஓட்டிக் கொண்டுபோய் இதே சல்யூட் 7ல் பொருத்தியிருந்தார். இது அவருடைய ஐந்தாவது பயணம். சவினிக் நிலையத்தின் அமைப்புகளைக் கரைத்துக் குடித்த பொறியியலாளர்.

சோயுஸ் டி-13ல் மூன்றாவது ஆசனத்தைக் கழற்றி எடுத்தார்கள். அந்த இடத்துக்கும் எடைக்கும் மேலதிகத் தண்ணி, சாப்பாடு, எரிபொருள். தூரம் அளக்க லேசர் கருவி, இருட்டில் பார்க்க இரவுப் பார்வைக் கருவி. நிலையம் எங்கே இருக்கு எண்டு ஏவுகணைகளைக் கண்காணிக்கும் தரை ராடார்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1985 ஜூன் 6ல் பைக்கனூரிலிருந்து புறப்பட்டார்கள்.

ஜூன் 8ல் நிலையம் கண்ணில் பட்டது. சோலர் பெனல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கோணலாக நிண்டன. அதைப் பார்த்தவுடனேயே உள்ளே கரண்ட் இல்லை எண்டு விளங்கிவிட்டது. கரண்ட் இருந்தா எல்லாப் பெனலும் சேர்ந்து சூரியனைத் தேடித் திரும்பும். 200 மீற்றரில் கலத்தை நிறுத்தி நிதானித்து, கீழிருந்து அனுமதி கேட்டு, முன்வாசல் பக்கமாகச் சுற்றி வந்து, ஜானிபெகோவ் மெல்லக் கொண்டுபோய்ப் பொருத்தினார். இறந்துபோன, ஒத்துழைக்காத ஒரு விண்கலத்தோடு மனிதர்கள் கையால் போய்ப் பொருந்திய முதல் நிகழ்வு அது. பாருங்கோ, எங்களுக்கும் 'முதல்' என்ற சொல்லை விட முடியவில்லை.

உள்ளே

கதவைத் திறக்க முதல் வால்வு வழியாகக் காற்று இருக்கா எண்டு பார்த்தார்கள். இருந்தது. நச்சு வாயு இருக்கா எண்டு சோதித்தார்கள். இல்லை. என்றாலும் முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். இருட்டு. ரோச் வெளிச்சத்தில் சுவரெல்லாம் பனி. விண்வெளி நிலையம் எண்டா எப்பவும் மின்விசிறிகளின் இரைச்சல் இருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. வெப்பமானி அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே குளிர். கீழே இருந்தவர்கள், சுவரில் துப்பிப் பாருங்கோ எண்டார்கள். துப்பினது சில செக்கனில் உறைந்தது. முந்தைய குழு போகும்போது வரப்போகிறவருக்காக ரொட்டித் துண்டும் உப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்கு வருகிறவரை அப்படி வரவேற்பது ரஷ்ய வழக்கம்.

குளிருடுப்பு, கம்பளித் தொப்பி, கையுறை. அதோடு வேலை. மின்விசிறி ஓடாததால் இன்னொரு ஆபத்து இருந்தது. பூமியில நாங்கள் விடுகிற மூச்சுச் சூட்டால் மேலே எழும்பிப் போய்விடும். நிறையற்ற இடத்தில் அது எங்கும் போகாது. முகத்தைச் சுற்றியே நிற்கும். விட்ட மூச்சையே திரும்ப இழுத்தா தலையிடி, சோர்வு, மயக்கம். அதனால் ஒராள் உள்ளே வேலை செய்ய, மற்றவர் அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேணும் எண்டு கீழிருந்து சொன்னார்கள்.

பிரச்சினையின் நடு இடம் பற்றரி. எட்டுப் பற்றரியில் ரெண்டு உதவாது. ஆறை மின்னேற்றலாம் போலிருந்தது. சூரிய வெளிச்சம் வெளியே தாராளமாக இருக்கு, பெனலும் இருக்கு. ஆனால் பெனலைப் பற்றரியோட இணைக்கிற சுவிச்சை இயக்கவே பற்றரியில் கரண்ட் வேணும். பற்றரி காலி. பெட்டிக்குள்ள திறப்பை வைத்துப் பூட்டின கதை.

அவர்கள் செய்தது எந்த ஊர் வயர்மனும் செய்யக்கூடியது. பெனலிலிருந்து வருகிற வயரையும் பற்றரிக்குப் போகிற வயரையும் தேடிப் பிடித்து, மேலுறையைச் சுரண்டி, வெறும் செம்பை முறுக்கி இணைத்து, டேப் சுற்றினார்கள். பதினாறு வயர்கள். கையுறையோடு நுணுக்கமாக முறுக்க முடியாது. அந்தக் குளிரில் வெறுங்கையால் செய்தார்கள். பிறகு கலத்துக்குப் போய், சோயுஸின் சிறிய இயந்திரங்களை இயக்கி, சோயுஸும் நிலையமுமாகச் சேர்த்து முழுவதையும் சூரியன் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். பெனலில் வெயில் பட்டது. ஒவ்வொன்றாகப் பற்றரி ஏறியது. விளக்கு எரிந்தது.

யுத்த காலத்தில யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். பற்றரியே தடைப்பட்டியலில் இருந்த காலம். பெடலை மிதிக்கிறவர் ஒராள், செய்தியைக் கேட்டுச் சொல்கிறவர் இன்னொராள். சல்யூட் 7ல் நடந்ததுக்கும் இதுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் வயரை முறுக்குகிற விரலுக்கு ரெண்டு இடத்திலும் ஒரே அறிவுதான் வேணும்.

தண்ணி

விளக்கு எரிந்ததும் கதை முடியவில்லை. கொண்டுபோன தண்ணி சில நாட்களுக்குத்தான். நிலையத்துத் தாங்கியில் தண்ணி இருந்தது, ஐஸ்கட்டியாக. சூடு ஏற ஏற அது உருகவேணும். உருகுவதற்குள் கையிருப்பு முடிந்தா இறங்கி வரவேணும். அளந்து குடித்தார்கள். ஜூன் நடுப்பகுதியில் தாங்கித் தண்ணி உருகத் தொடங்கியது. அதோடு சுவரிலிருந்த பனியும் உருகியது. நிறையற்ற இடத்தில் தண்ணி வடிந்து ஓடாது; வயரிலும் பெட்டியிலும் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போதுதான் உயிர் வந்த மின்சுற்றுகளில் தண்ணி பட்டா திரும்பவும் நாசம். துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார்கள். துணி முடிய, உடுப்பைக் கிழித்துத் துடைத்தார்கள்.

நிலையத்தின் தன்னியக்கப் பொருத்தும் அமைப்பைத் திருத்திச் சோதித்ததும்தான் பாதை திறந்தது. அது வேலை செய்யாட்டி சரக்குக் கப்பல் வந்து சேராது, திருத்தினதெல்லாம் வீண். ஜூன் 21ல் புரோகிரஸ் 24 புறப்பட்டு, 23ல் வந்து பொருந்தியது. தண்ணி, எரிபொருள், சாப்பாடு, மாற்றுப் பற்றரிகள். பூமியைச் சுற்றிச் செத்துக் கிடந்த வீட்டுக்குத் திரும்பச் சாமான் வந்தது. ஆகஸ்ட் 2ல் ரெண்டு பேரும் வெளியே இறங்கி மேலதிக சோலர் பெனல்களும் பூட்டினார்கள்.

சாமான் பெட்டி பிரிக்கும்போது நடந்த சின்ன விசயம் ஒன்றும் இருக்கு. காதுபோல ரெண்டு பக்கம் உள்ள ஒரு நட்டை ஜானிபெகோவ் சுழற்றிவிட, அது கழன்று காற்றில் சுழன்றபடி மிதந்தது. கொஞ்சத் தூரம் போய்த் திடீரெனத் தலைகீழாகப் புரண்டு, பிறகும் சுழன்று, திரும்பவும் புரண்டது. இயற்பியலில் முன்பே கணிதமாக இருந்த விசயம்தான், ஆனால் இண்டைக்கும் அதை ஜானிபெகோவ் விளைவு எண்டுதான் சொல்லுகிறார்கள்.

ஒரு பொய் சொன்ன உணரி

எல்லாம் சரிவந்த பிறகு, ஏன் செத்தது எண்டு தேடினார்கள். ஒரு பற்றரியின் மின்னளவைக் காட்டுகிற உணரி பழுதாகி, 'பற்றரி நிறைந்துவிட்டது' எண்டே சொல்லிக்கொண்டிருந்தது. மின்னேற்றுகிற அமைப்பு அதை நம்பி ஒவ்வொரு தடவையும் பெனலைத் துண்டித்தது. ரேடியோ வேலை செய்திருந்தா கீழிருந்து கண்டுபிடித்து நிறுத்தியிருப்பார்கள். அது செத்திருந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, பற்றரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, நிலையம் உறைந்தது.

இந்த இடத்தை நாங்கள் கூட்டாக வாசித்தபோது கனநேரம் இதைப் பற்றியே கதைத்தோம். சூரியனில் குறை இல்லை, பெனலில் குறை இல்லை. 'நிறைவு' என்று போன ஒரு பொய் அறிக்கை, அதோடு விசாரிக்காமல் அனுப்பின ஒரு கட்டளை. எங்கட பிரதேசத்தில் குளம், வாய்க்கால், ஆஸ்பத்திரி உபகரணம், பள்ளிக்கூடத்துக் கணினி எண்டு எத்தனையோ இப்படித்தான் செத்திருக்கு: தாளில் நிறைவு, தளத்தில் காலி. போய்க் கதவைத் திறந்து பார்க்கிற ஆள் வரும்வரை அது வெளியே தெரியாது.

அதே ஜூனில்

கீழே, அதே 1985ல், எங்கட கிழக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் வன்முறை. ஜூன் 18ல் போர்நிறுத்தம், ஜூலை 8ல் திம்புவில் பேச்சுவார்த்தை, ஆகஸ்டில் அது முறிவு. சல்யூட் 7ல் ஐஸ் உருகின அதே கிழமைகள் அவை. மேலே திருத்தினது நிண்டது. கீழே திருத்த எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. ரெண்டையும் ஒப்பிட்டு நாங்கள் பெரிய தத்துவம் சொல்ல வரவில்லை. ஒரே நாட்காட்டியில் ரெண்டும் இருந்தது எண்டு மட்டும் குறித்து வைக்கிறோம்.

இலங்கைக்கும் இந்தக் கதைக்கும் இன்னொரு தொடுப்பு உண்டு. செத்துக் கிடக்கிற விண்கலம் ஒன்றைத் தேடிப்போய் உயிர்ப்பிக்கிற சோவியத்-அமெரிக்கக் குழுவைப் பற்றிய நாவல் 1982ல் வந்தது. எழுதியவர் ஆதர் சி. கிளார்க், எழுதப்பட்ட இடம் கொழும்பு. 1956ல் இலங்கைக்குக் குடிவந்து, திருகோணமலைக் கடலுக்கடியில் கோணேசர் கோயில் எச்சங்களைத் தேடிச் சுழியோடியவர் அவர். நாவல் வந்து மூன்று வருடத்தில் சவினிக்கும் ஜானிபெகோவும் அதுபோன்ற ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

பிறகு

1985 செப்டம்பரில் சோயுஸ் டி-14ல் மூன்று பேர் வந்தார்கள். ஜானிபெகோவ் 112 நாட்களோடு இறங்க, சவினிக் புதியவர்களோடு தங்கினார். வீட்டைப் பூட்டாமல் ஆள் மாறுகிற முறை அங்கேதான் தொடங்கியது. இண்டைக்குச் சர்வதேச விண்வெளி நிலையம் ஓடுவது அந்த முறையில்தான். தளபதி வஸ்யூத்தின் நோய்ப்பட்டதால் நவம்பர் 21ல் எல்லாரும் திரும்பினார்கள். 1986ல் கிசிமும் சொலோவ்யோவும் புதிய மிர் நிலையத்திலிருந்து சல்யூட் 7க்குப் பறந்து, பாவிக்கக்கூடிய கருவிகளைக் கழற்றிக்கொண்டு மிருக்குத் திரும்பினார்கள். பழைய வீட்டுக் கதவு ஜன்னலைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி. 1991 பெப்ரவரி 7ல் சல்யூட் 7 ஆர்ஜென்டினாவுக்கு மேலே உடைந்து விழுந்தது.

2019ல் எங்கட நாட்டின் முதலாவது செய்மதி ராவணா-1 மேலே போனதும் ஒரு சரக்குக் கப்பலில்தான். ஒரு கிலோ அளவு எடை, பத்துச் சென்றிமீற்றர்க் கனசதுரம். ஏப்ரல் 17ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட சிக்னஸ் கலத்தில் நிலையத்துத் தண்ணி, சாப்பாட்டோட சேர்ந்து போய், 19ல் சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சேர்ந்தது. 21ம் திகதி உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயம். அந்தத் திகதிக்குப் பக்கத்தில் வேறு எதையும் எழுத எங்களுக்குக் கை வராது. ஜூன் 17ல் ராவணா-1 நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது.

சர்வதேச விண்வெளி நிலையம் மட்டக்களப்புக்கு மேலாலும் போகும். வெறுங்கண்ணுக்குத் தெரியும், விடியலுக்கு முந்தியோ, பொழுது பட்டதுக்குப் பிறகோ, சிமிட்டாமல் நகர்கிற வெள்ளைப் புள்ளி. சூரியனுக்கு எதிர்த்திசை அது. படுவான்கரைப் பக்கம் தோன்றி எழுவான்கரைப் பக்கம் மறையும். அதற்குள் இருக்கிறவர்கள் பெரும்பாலான நாட்களில் செய்வது வடிகட்டி மாத்துவது, குழாய் பூட்டுவது, கழிப்பறை திருத்துவது. அந்த வேலை நிண்டா புள்ளியும் நிண்டுவிடும்.

எங்கட வாவிக்கரை வரலாற்றிலும் திறந்துவைத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கு. 1978 புயலுக்குப் பிறகு விழுந்த கம்பத்தை நிமிர்த்திக் கரண்ட் கம்பி இழுத்தவர்கள் யார்? யுத்தத்துக்குள்ள பாதை எஞ்சினை ஓட வைத்தவர் யார்? சுனாமிக்குப் பிறகு உப்பேறின கிணறுகளை இறைத்தவர்கள் யார்? அவர்களில் சிலர் இன்னும் எங்களோட இருக்கிறார்கள், வயது போய்க்கொண்டிருக்கு. சவினிக்கைப் பற்றி எங்களால் எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் செய்ததை அவரே உட்கார்ந்து எழுதி வைத்தது. உங்கட ஊரில அப்படி ஒராள் இருந்தா போய்க் கதையுங்கோ, கேட்டு எழுதுங்கோ. இந்த வரிசையில் அடுத்ததாக அதைத்தான் போட விரும்புகிறோம்.